தானாக ஓடுகிறதாம்

புரட்டாசி 3, வெள்ளி

ஐம்பது வயது ஆன என் மகன் சென்னியப்பன் இன்று ஒரு விளையாட்டுச் சாமான் வாங்கி வந்து பட்டறை ஆபீசு மேசைமேல் வைத்திருக்கிறான்.

கறுப்புப் பலகை. அதன்மேல் ஒரு பித்தளைக் கிண்ணம், கிண்ணத்தின் நடுவில் ஓட்டை. ஓட்டைக்குக் கீழே இரண்டு கம்பிகள் தண்டவாளம்போல் வளைந்து இறங்கி, கடைசியில் வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கின்றன. ஒரு சின்ன இரும்புக் குண்டு. அதைக் கிண்ணத்தில் போட்டால் சுற்றிச் சுற்றி வந்து ஓட்டையில் விழுகிறது. கம்பிமேல் சர்ரென்று இறங்குகிறது. நுனியில் எகிறி மறுபடியும் கிண்ணத்திலேயே வந்து விழுகிறது. மறுபடி ஓட்டை, மறுபடி கம்பி. நிற்பதே இல்லை.

“எதுக்குடா இது?” என்று கேட்டேன்.

“சும்மா பாக்கறதுக்குத்தானுங்கம்மா. மேசைல வெச்சா ஒரு கெத்து. பார்ட்டி வந்து உக்காந்தா இதையே பாத்துட்டு இருப்பாங்க. கரண்டும் இல்ல, கிரண்டும் இல்ல. தானா ஓடுது.”

தானாக ஓடுகிறதாம். இந்தப் பட்டறை ஒற்றை லேத்தாக, ஓலைக் கொட்டகையில் இருந்த காலத்திலிருந்து பார்க்கிறேன். எண்ணெய் விடாமல், கை படாமல் எதுவும் ஓடினதில்லை. தானாக ஓடினது இந்த வீட்டில் நான் ஒருத்திதான். அதை அவனிடமே சொன்னேன்.

“அதென்னமோ வாஸ்தவந்தானுங்க” என்று சிரித்துவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டான்.

காலையில் ஷட்டர் தூக்கியது நான். வழக்கம்போல. மருமகள் கோகிலவாணி இன்றும் பின்னாலேயே வந்து, “நான் தூக்கறேனுங்கத்தை” என்று கையை நீட்டினாள். பூட்டைத் திறந்ததும் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் காலமானதிலிருந்து ஷட்டரைத் தூக்கி, சாமி படத்துக்கு விளக்கேற்றி, முதல் லேத்தின் சுவிட்சைப் போடுவது என் கை. அதற்குப் பிறகுதான் டர்னர் ஆறுச்சாமியும் மற்ற ஆட்களும் மிஷினைத் தொடுவார்கள். அந்த இடத்தின்மேல் அவளுக்கு ஒரு கண் விழுந்திருக்கிறது. விழட்டும். நான் கண்ணை மூடினபிறகு எடுத்துக்கொள்ளட்டும்.

புரட்டாசி 4, சனி

பெருமாளுக்குப் பச்சரிசி மாவிளக்கு. விரதம். பேத்தி மிருதுளா காலேஜ் ஹாஸ்டலிலிருந்து வந்திருக்கிறாள். பிசிக்ஸ் படிக்கிறாள், இரண்டாம் வருஷம். நான் ஐந்தாவதோடு நின்றேன். நின்றேன் என்ன, நிறுத்தினார்கள். என் வகுப்பில் முதல் மார்க்கு நான். தன் வகுப்பில் மூன்றாம் மார்க்கு வாங்கின என் தம்பியைத்தான் மேலே படிக்க வைத்தார்கள். அதை இப்போது கிளறினால் மாவிளக்கு கருகிவிடும்.

மிருதுளா குண்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“அப்பத்தா, இது தானா ஓட முடியாது. உலகத்துல எதுவுமே தானா ஓடீட்டே இருக்க முடியாது.”

“ஏன் முடியாது?”

“எங்கயாச்சும் உராயும். உராஞ்சா சூடாகும். போன சூடு போனதுதான், திரும்பி வராது. வெளியில இருந்து ஏதோ ஒண்ணு தள்ளீட்டே இருந்தாத்தான் ஓடும். எத்தனையோ நூறு வருசமா ஆளுங்க முயற்சி பண்ணிப் பாத்துட்டாங்க. ஒருத்தராலயும் முடியல.”

“அப்ப என்னை ஆருடி தள்றாங்க?”

அதே நேரத்தில் சமையலறையில் அவள் அம்மா கரண்டியைக் கீழே போட்டாள். காது குளிர்ந்தது.

அவள் சொன்னதும் எனக்குப் புதிதல்ல. அவர் இருந்தபோது கோபியிலிருந்து ஒருத்தர் சைக்கிள் சக்கரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். சக்கரத்தைச் சுற்றி இரும்புத் துண்டுகள் தொங்கும். ஒரு பக்கம் துண்டு விழ விழ அடுத்த பக்கம் தூக்குமாம், ஒருக்கால் சுற்றிவிட்டால் ஆயுசுக்கும் நிற்காதாம், இதை வைத்துக் கிணற்றில் தண்ணீர் இறைக்கலாமாம். என் வீட்டுக்காரர் ஒன்றும் தர்க்கம் பண்ணவில்லை. “சுத்தி உடுங்க. வாங்க, சாப்பிடலாம்” என்றார். சோறு தின்று கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் சக்கரம் நின்றுகொண்டிருந்தது. “காத்து தடுத்துப் போச்சுங்க” என்றார் அந்த மனுஷர். பாவம், மோர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

மத்தியானம் கொஞ்சம் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. விரதம்தான். காப்பி குடித்ததும் சரியாகிவிட்டது.

புரட்டாசி 6, திங்கள்

இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது? காலையில் குளிக்கப் போனால் குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. நான்கு திருகாணி ஓட்டைகள் மட்டும் என்னைப் பார்த்து முழிக்கின்றன.

“துருப்புடிச்சு சிக்கிக்குதுங்கத்தை. புதுசு வாங்கிப் போடறேன்” என்கிறாள் கோகிலவாணி.

துருவே இல்லை. போன பொங்கலுக்கு மாற்றின எவர்சில்வர் தாழ்ப்பாள். என் கண் என்ன அவிந்தா போயிற்று? வயதான பொம்பளை கதவைத் தாழிட்டுக் குளிக்கக்கூடாது என்று எந்த ஊரில் சட்டம்? கதவுக்கு உள்பக்கம் தண்ணீர்க் குடத்தை அண்டக் கொடுத்துக் குளித்தேன். வெளியில் வந்தால் நடையில் நின்று துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். நடையில் யாராவது துணி மடிப்பார்களா?

இதில் இன்னொன்றும். போன வாரத்திலிருந்து என் அறை வாசலில் பாய் போட்டுப் படுக்கிறாள். இடுப்பு வலியாம், தரைதான் நன்றாக இருக்கிறதாம். சாவி என் தலையணைக்கடியில் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

முழங்காலில் கன்றிப்போன இடத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவினேன். நேற்றுக் குளியலறையில் சித்தே உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். எப்படி உட்கார்ந்தேன் என்று ஞாபகம் இல்லை. வழுக்கியிருக்கும்.

புரட்டாசி 8, புதன்

குண்டு இன்றும் ஓடுகிறது. எப்போதுதான் நிற்கிறது என்று நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். நிற்கவில்லை. ஆயுத பூஜைக்குப் பொரியும் கொண்டைக்கடலையும் சொல்லிவிட வேண்டும்.

புரட்டாசி 10, வெள்ளி

கரூரிலிருந்து பம்பு வியாபாரி முத்துக்குமரசாமி வந்திருந்தார். அவர் கேட்ட ஷாஃப்டைப் பற்றி நாலு வார்த்தை பேசினார்கள், குண்டைப் பற்றி நாற்பது வார்த்தை.

“எப்படிங்க ஓடுது?”

“அதுதானுங்க சூட்சுமம்” என்கிறான் என் மகன். கரண்டு வேண்டாம், பாட்டரி வேண்டாம், புவியீர்ப்பு, பேலன்ஸ் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் அளக்கிறான். நான் டீ எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். உடனே என்னைக் காட்டிச் சொல்கிறான்:

“எங்கம்மாளும் இப்படித்தானுங்க. எழுவது தாண்டியாச்சு. ஒருநாள் உக்காந்து பாத்ததில்ல. ஆசுபத்திரி வாசப்படி மிதிச்சதில்ல. பாட்டரி இல்லாத வண்டி.”

“ஆத்தா அதிர்ஷ்டக்காரங்க” என்றார் அவர்.

அதிர்ஷ்டம் என்ன அதிர்ஷ்டம்? விடியுமுன் எழுந்து வேலை செய்த உடம்பு. பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் குண்டோடு சேர்த்தா சொல்வது? வீட்டுப்படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றேன். புதுப் பெயிண்டு நன்றாக இருக்கிறதா என்று பார்த்தேன். பார்த்தால் இரண்டு படி கீழே கோகிலவாணி.

“அத்தை, நாளைக்குச் சக்கரை டெஸ்ட்டுக்குப் போறேனுங்க. நீங்களும் ஒட்டுக்கா வந்தா நல்லா இருக்குமுங்க.”

“எனக்கெதுக்கு? நான் என்ன சீக்காளியா?”

ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? எதிர்வீட்டுக் குருநாயகியைக் கூட்டிப் போனார்கள். நடந்து போனவள் மாத்திரைப் பையோடு வந்தாள். மறுநாள் கொத்துச்சாவியை வாங்கிக்கொண்டார்கள். அடுத்த வாரம் அடுப்பை. இப்போது டி.வி. முன்னால் பிழியாத துணி மாதிரி கிடக்கிறாள், சீரியல் மாறினால்கூடத் தெரிவதில்லை. என் மகன் குணம் எனக்குத் தெரியும். எனக்குத் தலை சுற்றுகிறது என்று ஒரு சொல் காதில் விழுந்தால் போதும், அன்றைக்கே சாவி அவன் சட்டைப்பைக்குப் போய்விடும். “நீங்க ரெஸ்ட் எடுங்கம்மா” என்று அன்பாகச் சொல்லியே ஆளைக் கொன்றுவிடுவான்.

தலை சுற்றவில்லை. சும்மா எழுதினேன்.

புரட்டாசி 14, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை. எல்லா மிஷினையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தோம். லேத்துக்குக் கீழே சேர்ந்திருந்த இரும்புச் சுருள் ஒரு சாக்கு. டிரில்லிங் மிஷின், ஸ்பானர், வெர்னியர், தராசு, சுத்தியல், எல்லாம் கழுவின முகத்தோடு வரிசையாக நிற்கின்றன. பார்க்கவே வயிறு நிறைகிறது.

“ஆபீசு மேசைல இருக்கறதையும் எடுத்துட்டு வா” என்றேன்.

“அது எதுக்குங்கம்மா?” என்றான் சென்னியப்பன்.

“நாளைக்கு இந்தக் காம்பவுண்டுக்குள்ள ஓடற சாமான் அத்தனையும் நிக்கோணும். பொட்டு வெச்சுக்கிட்டு சும்மா இருக்கோணும். அதுதான் வழக்கம்.”

“அது நிக்காததுதானுங்க அதோட பெருமையே. நாளைக்கு நாலு பார்ட்டி வர்றாங்க. ஓடீட்டு இருக்கட்டும், உடுங்க.”

“சாமி முன்னால நிக்காத கருவி என்னடா கருவி?”

ஆறுச்சாமி குறுக்கே பேசினார். “ஆத்தா சொன்னா மாத்த முடியாதுங்க முதலாளி. போன வருசம் கால்குலேட்டருக்கே பொட்டு வெச்சாங்க. ‘ஆன்’ பட்டன் மேலயே வெச்சதுல, தை மாசம் வரைக்கும் நாம மனக்கணக்குத்தான் போட்டோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நானே போய் ஓடுகிற குண்டைக் கையால் பிடித்தேன். பிடித்ததும் உள்ளங்கையில் சும்மா கிடந்தது. நம் பேரிங்குக் குண்டு மாதிரியேதான். பலகையைத் துடைக்கத் தலைகீழாகத் திருப்பினேன்.

அடியில் ஒரு மூடி இருந்தது. இரண்டு சின்னத் திருகாணி.

கழற்றினேன். உள்ளே நான்கு பாட்டரி! சுவர்க்கடிகாரத்துக்குப் போடுகிறோமே, அந்தப் பென்சில் பாட்டரி. பக்கத்தில் செம்புக் கம்பி சுற்றின ஒரு காயில். மோட்டார் காயில் பார்த்தே கிழவியானவள் நான், அது என்ன வேலை செய்யும் என்று யாரும் வந்து பாடம் எடுக்க வேண்டாம். குண்டு கம்பியில் இறங்கும்போது யார் கண்ணுக்கும் தெரியாமல் அடியிலிருந்து ஒரு இழுப்பு இழுத்துவிடுகிறது. அந்த வேகத்தில் எகிறுகிறது. இதற்குத்தான் இத்தனை நாளும் புவியீர்ப்பு, பேலன்ஸ், சூட்சுமம்!

அவனுக்குத் தெரியும். பாட்டரி போட்டதே அவன்தானே. தெரிந்தே ஊரெல்லாம் பொய் சொல்லியிருக்கிறான். அவர் பெயர் எழுதின போர்டுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு.

மூடியைப் பழையபடி மாட்டினேன். நான்கு பாட்டரியையும் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

புரட்டாசி 15, புதன்

பூஜை அமோகம். வாழைக்கன்று கட்டி, மாவிலை கட்டி, ஒவ்வொரு மிஷினுக்கும் சந்தனம் குங்குமம். நடுவில் தலைவாழை இலை. அதில் என் ஷட்டர் சாவி, அவருடைய பழைய மைக்ரோமீட்டர், அதற்கு அடுத்து அந்தக் கறுப்புப் பலகை. பலகைக்கு முன்னால் நான்கு பாட்டரியையும் வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு.

கரூர்க்காரர் கும்பிட்டு நிமிர்ந்தார். “இதென்னுங்க ஆத்தா, பாட்டரிக்கெல்லாம் பொட்டு?”

“அந்தத் தானா ஓடற குண்டுக்குள்ள இருந்ததுங்க” என்றேன். “உழைக்கறது ஒருத்தன், பேர் வாங்கறது இன்னொருத்தன்னு இருக்கக்கூடாது பாருங்க.”

பட்டறையே சிரித்தது. ஆறுச்சாமி சிரித்த சிரிப்பில் பொரித் தட்டு கவிழ்ந்தது. சென்னியப்பன் முகம் மட்டும் பழுக்கக் காய்ச்சின இரும்பு மாதிரி. கற்பூரம் அணைந்ததும் என்னை ஆபீசு அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினான்.

“நாலு பேர் முன்னால என் மானத்தை வாங்கீட்டீங்களேம்மா! விளையாட்டுக்குச் சொன்னதுங்க அது.”

“பாட்டரி இருந்தா இருக்குதுன்னு சொல்லோணும். அதுல என்னடா கேவலம்? உள்ள வெச்சுக்கிட்டு இல்லீன்னு ஊரை ஏமாத்தறதுதான் கேவலம்!”

நல்ல சத்தமாகவே சொன்னேன். கோகிலவாணி சுண்டல் தட்டோடு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். என்னை எதற்குப் பார்க்க வேண்டும் என்று புரியவில்லை.

பொங்கல், சுண்டல், இரண்டு பொரியல், வந்தவர்களுக்கெல்லாம் இலை. “மிஷினுக்கெல்லாம் லீவு, ஆத்தாளுக்குத்தான் லீவு இல்ல” என்றார் ஆறுச்சாமி பாயசம் குடித்துக்கொண்டே. எனக்கு எதற்கு லீவு? கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. படுத்தால் சரியாகிவிடும். நாளை விஜயதசமி. பூஜையில் வைத்த சாவியை எடுத்து முதல் சுவிட்சு நான் போட வேண்டும்.

புரட்டாசி 19, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். மிருதுளா டைரியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

விஜயதசமி காலையில் ஷட்டரைப் பாதி தூக்கினது ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் ஆம்புலன்ஸ் கூரை. நடுவில் ஒன்றும் இல்லை. என் தலை சிமெண்டுத் தரையில் படவில்லை. கோகிலவாணி பின்னாலிருந்து தாங்கிப் பிடித்து, என்னோடு சேர்ந்து விழுந்திருக்கிறாள். அவள் முழங்கை தோல் வழண்டு கட்டுப் போட்டிருக்கிறது.

நெஞ்சில் ஒயர் ஒட்டினார்கள். டாக்டர் ஒரு சின்னப் பெண், மிருதுளாவுக்கு அக்கா மாதிரி இருக்கிறாள்.

“பாட்டிம்மா, உங்க இதயம் ரொம்ப மெதுவா துடிக்குது. நடுநடுவுல கொஞ்சம் நின்னுட்டு அப்புறம் துடிக்குது. அப்பத்தான் மயக்கம் வருது. இதுக்கு முன்னாடி வந்திருக்கா?”

“இல்லை” என்றேன். கோகிலவாணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பயப்பட ஒண்ணும் இல்ல. தோள்பட்டைக்குக் கீழ, தோலுக்கு அடியில ஒரு சின்னப் பெட்டி வைப்போம். இதயம் தூங்கறப்போ ஒரு தட்டு தட்டி எழுப்பும். பேஸ்மேக்கர்னு பேரு.”

“அது எதுல ஓடும்?”

“பாட்டரிலதான்.”

என் வாழ்நாளில் இப்படியொரு அவமானம் கேட்டதில்லை. பாட்டரியா? எனக்கா? மூன்று பிள்ளையை வீட்டுக் கட்டிலிலேயே பெற்று, மூன்றாம் நாள் ஆட்டுரலில் உட்கார்ந்தவள் நான்.

“எத்தனை நாளைக்கு வரும்?”

“எட்டுப் பத்து வருஷம் வரும். அப்புறம் மாத்திக்கலாம்.”

“மாத்திக்கறதுக்கு நான் என்ன சுவர்க்கடிகாரமா?”

முடியாது என்று சொல்லிவிட்டேன். சென்னியப்பன் அழுதான். பாட்டரியை ஒளித்து வைத்துப் பொய் சொன்னவன், எனக்கு ஒன்று வை என்று அழுகிறான்! மிருதுளா ஏதோ படம் வரைந்து காட்டினாள். தலையைத் திருப்பிக்கொண்டேன். ஊரெல்லாம் “பாட்டரி இல்லாத வண்டி” என்று சொன்னார்களே, இனி என்ன சொல்வார்கள்?

இடுப்பைத் தடவிப் பார்த்தேன். சாவி இல்லை. மயங்கின நேரம் பார்த்து எடுத்துக்கொண்டாள். நான் நினைத்தது சரியாகப் போயிற்று.

புரட்டாசி 20, திங்கள்

காலையில் கோகிலவாணி மட்டும் வந்தாள். ரசம் சாதம் பிசைந்து கொடுத்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு தின்று முடித்தேன். ஈயச்சொம்பைக் கழுவி வைத்துவிட்டு, இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். பூஜைக் குங்குமம் அப்படியே இருந்தது.

“பட்டறை இன்னும் தொறக்கலைங்கத்தை. அன்னிக்குப் பாதியில நின்ன ஷட்டரை எறக்கிப் பூட்டுனதுதான். அவரு ரெண்டு தடவ சாவி கேட்டாரு. குடுக்கல. ஆறுச்சாமியண்ணனும், ‘ஆத்தா சுவிட்சு போடாம நான் லேத்தத் தொடமாட்டேன்’னு வாசல்ல உக்காந்துட்டாரு.”

சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“அப்ப எதுக்குடி என் பின்னாலயே சுத்துன? இந்தச் சாவிக்குத்தானே?”

“நீங்க விழுந்தாப் புடிக்கத்தானுங்க.” சாதாரணமாகச் சொன்னாள், கடையில் தக்காளி என்ன விலை என்று சொல்வது மாதிரி. “ஆவணியில கிணத்தடியில ஒருக்கா விழுந்தீங்க. அப்புறம் மாடிப்படில. அப்புறம் பாத்ரூம்ல. உள்ள தாழ் போட்டிருந்தா நான் எப்படிங்க வர்றது? அதுதான் கழட்டிப்போட்டேன்.”

“தெரிஞ்சிருந்தா அவன்கிட்டச் சொல்லீருக்கறது!”

“சொன்னா அவரு அன்னிக்கே சாவியப் புடுங்கீருவாரு. அது இல்லாம நீங்க என்ன ஆவீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா? நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன். சொல்லல. டாக்டர் கேட்டப்பவும் இல்லீன்னீங்க.”

நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே ஒரு தண்ணீர் லாரி நின்றுகொண்டிருந்தது.

“புதன்கிழமை ஆபீசுக்குள்ள அவரை என்ன சொல்லித் திட்டுனீங்க, ஞாபகம் இருக்குதுங்களா? பாட்டரி இருந்தா இருக்குதுன்னு சொல்லோணும். அதுல என்ன கேவலம்? சொன்னது நீங்கதானுங்க, அத்தை.”

இத்தனை வருஷத்தில் இவள் என்னை எதிர்த்து ஒரு சொல் பேசினதில்லை. பேசினாள் பார், என் சொல்லையே எடுத்துப் பேசினாள்.

“ரசத்துல உப்புப் பத்தல” என்றேன்.

“டாக்டர் கம்மியாப் போடச் சொன்னாங்க.”

அவள் சொன்னதுக்காக இல்லை. பட்டறை பூட்டிக் கிடக்கக்கூடாது, அவ்வளவுதான். ஆபரேஷன் காகிதத்தைக் கொண்டுவரச் சொன்னேன். நர்சு காகிதத்தோடு மை டப்பாவும் எடுத்து வந்து என் கட்டைவிரலைப் பிடித்தாள்! கையைப் பிடுங்கிக்கொண்டேன். பேனாவை வாங்கி, முழு காகிதத்தையும் எழுத்துக்கூட்டாமல் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு, அதில் இருந்த இரண்டு எழுத்துப் பிழையையும் சொல்லிவிட்டு, மயிலாத்தாள் என்று முழுப் பெயரையும் எழுதினேன். முதல் மார்க்கு வாங்கின கையெழுத்து, இன்னும் கோணவில்லை.

பிறகு சாவியைக் கோகிலவாணியிடம் கொடுத்தேன்.

“நாளைக்கு நீ தூக்கு. வெளக்கேத்து. மொத சுவிட்சு நீ போடு. நான் சொன்னேன்னு ஆறுச்சாமிகிட்டச் சொல்லு.”

“நானுங்களா?”

“நான் வர்ற வரைக்கும்” என்றேன். அதை அழுத்திச் சொன்னேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதற்கெல்லாம் எதற்கு அழுவது என்று திட்டினேன். இடது காலைத்தான் முதலில் முன்னால் வைக்க வேண்டும், அப்போதுதான் ஷட்டரின் பாரம் இடுப்பில் ஏறாது என்று சொல்லிக் கொடுக்க மறந்துவிட்டேன். போனில் சொல்ல வேண்டும்.

புரட்டாசி 24, வெள்ளி

வைத்தாகிவிட்டது. வலிக்கிறது. இடது கையைத் தூக்கக்கூடாதாம். எழுதுவது வலது கை, ஆகையால் யாரும் தடுக்க முடியாது.

புரட்டாசி 27, திங்கள்

வீட்டுக்கு வந்தேன். அக்கம்பக்கத்தார் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வரிசையாக வந்து, “பாவம்” “பாவம்” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். யார் பாவம்? குருநாயகியும் வந்தாள். என் மார்பையே உற்றுப் பார்த்து, “சத்தம் கேக்குமா?” என்றாள். “கேக்கும். பாட்டுக்கூடப் பாடும்” என்றேன். ரொம்ப நாளைக்கப்புறம் அவள் சிரித்துப் பார்த்தேன்.

குளியலறைக்குத் தாழ்ப்பாள் இன்னும் வரவில்லை. தீபாவளிக்குள் மாட்டச் சொல்லியிருக்கிறேன்.

ஐப்பசி 1, சனி

இன்று காலை பட்டறைக்குப் போனேன். ஷட்டரில் என் வலது கை, பக்கத்தில் கோகிலவாணியின் இரண்டு கை. நான் சும்மா தொட்டுக்கொண்டிருந்தேன் என்று பார்ப்பவர்கள் சொல்லலாம். விளக்கை அவள் ஏற்றினாள். சுவிட்சுக்கு அவள் கை போயிற்று, பின்வாங்கிற்று. அவள் கையை எடுத்து அதில் வைத்து, அதன்மேல் என் கையை வைத்து அமுக்கினேன். லேத்து உறுமிற்று. ஆறுச்சாமி கும்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்கினார்.

பத்து மணிக்குக் கரூர்க்காரர் வந்தார். மேசைமேல் குண்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் உள்ளே கால் வைத்ததும் சென்னியப்பன் பதறி எழுந்து அந்தப் பலகையை மேசையின் அடுத்த கோடிக்குத் தள்ளினான்.

“காந்தம் இருக்குதுங்கம்மா அதுக்குள்ள. டாக்டர் ஒரு முழம் தள்ளி இருக்கச் சொன்னாங்க.”

“என்னை எதுக்குடா தள்ளி நிக்கச் சொல்ற? அதைத் தள்ளி வை.”

“அதைத்தானுங்க தள்ளி வெச்சேன்.”

கரூர்க்காரர் குண்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். “இப்பவும் தானா ஓடுதுங்களா?” என்று கண்ணைச் சிமிட்டினார்.

“நாலு பாட்டரிங்க” என்றான் என் மகன். காது சிவந்தாலும் சொல்லிவிட்டான்.

அவர் என் பக்கம் திரும்பினார். “ஆத்தா எப்படி இருக்கறீங்க? உடம்புக்கு முடியலைன்னு கேள்விப்பட்டேனுங்க. வண்டி பழையபடி ஓடுதுங்களா?”

கோகிலவாணி டீ டம்ளரோடு வாசலில் நின்றாள்.

“பாட்டரி போட்டிருக்குதுங்க” என்றேன். “இங்க, எடது பக்கம். டீ எடுத்துக்கங்க, ஆறுது.”

அப்போது மேசைக்கோடியில் குண்டு எகிறிற்று, கிண்ணத்தை எட்டவில்லை. டக்கென்று தரையில் விழுந்து பீரோவுக்கடியில் உருண்டு போயிற்று. சென்னியப்பன் குனிந்து தேடினான். பாட்டரி தீர்ந்துவிட்டதாம், புதுசு வாங்க வேண்டுமாம்.

வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை! எனக்குப் பத்து வருஷம் என்று டாக்டர் வாயாலேயே சொல்லியிருக்கிறாள். இந்தக் குண்டோடு சேர்த்தா என்னைப் பேசினான்?